துறையூருக்கு அப்பால் ஒரு தேநீர்

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் கிளம்பினோம். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாவுக்கு ஒரு ஆசை: தமிழ்நாட்டில் தன் தாத்தா விட்டு வந்த ஊரில் குலசாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும். தலவாக்கலையில் தையல் கடை நடத்தும் நான், கடையைப் பூட்டிவிட்டுத் துணைக்குப் போனேன். மலையிறங்கி விமான நிலையம் சேரவே ஒரு பகல் போய்விட்டது. கடலைத் தாண்ட ஒரு மணி நேரம்தான் ஆனது.

திருச்சியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில், கவுண்டரில் இருந்தவர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் திருப்பித் தள்ளினார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா."

அதுவரை அவரோடு தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த லாட்ஜிலும் அதே பதில். மூன்றாவதில் ஜன்னல் இல்லாத ஓர் அறை கிடைத்தது, வாடகை ஆயிரத்து எண்ணூறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மட்டும், "விடு, சட்டம் அப்படி இருக்கும்" என்றாள்.

காலையில் கோபம் தணிந்தது உண்மை. மல்லிகை விற்பவள் முழம் போட்டு, கேட்காமலே ஒரு சாண் கூடுதலாகத் தந்தாள். மலைக்கோட்டைத் தெருக்களில் என் காதில் விழுந்ததெல்லாம் எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பேச்சு. துறையூரில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் வியந்தார்.

"சிலோனா? நம்ம மாதிரியே பேசுறீங்களேம்மா."

"நாங்க எப்பவும் இப்பிடித்தாங்க பேசுறோம்" என்றாள் அம்மா பெருமையாக.

அம்மாவின் தாத்தா ஊரான அந்தச் சிற்றூரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊர் முகப்பில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் முகம் மலர வரவேற்று, இரண்டு கண்ணாடி கிளாஸ்களை எடுத்து வைத்தார். யாரைப் பார்க்க வந்தோம் என்று விசாரித்தார். அம்மா தன் தாத்தா பெயரைச் சொன்னாள்.

"அவரு எந்தத் தெரு?"

"ஏரிக்கரைத் தெருன்னு எங்கப்பா சொல்லுவாரு."

அவர் கை நின்றது. கிளாஸ்களைப் பின்னால் நகர்த்திவிட்டு, இரண்டு காகிதக் கப்புகளில் தேநீரை ஊற்றி நீட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணாடி கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கொட்டிவிட்டு வர எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"எங்களுக்கு மட்டும் ஏன் தம்பி இதுல?"

"ஒண்ணுமில்லம்மா. ஊரு வழக்கம்."

"இந்தத் தேயிலைய எந்தத் தெருக்காரி கிள்ளுனான்னு கேட்டுத்தான் வாங்குறீங்களா?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காசை வைத்துவிட்டு எழுந்தாள். கப்புகள் நிறைந்தபடி அங்கேயே இருந்தன.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு பெண் எங்களை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தாள். உறவு முறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் வெல்லமும் பானையும் அவளே தந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கேஸு குடுத்தோம் அக்கா. ஒரு மாசம் ஒழுங்கா இருந்தான். எம்மவ இப்ப அந்தக் கடைப் பக்கமே போறதில்ல."

ஏரிக்கரை வேப்பமரத்தடியில் அம்மா பொங்கல் வைத்தாள். பால் பொங்கியபோதும் அவள் முகம் இறுகியே இருந்தது.

எங்கள் லயங்களில் சாதி இல்லையென்று நான் பொய் சொல்லப் போவதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் அதுவும் கூடவே வந்து உட்காருகிறது. தலைமுறை தலைமுறையாக இருந்தும் வீட்டடி மண் எங்கள் பேரில் இல்லை. ஆனால் மலைத்தண்ணீர் விழும் எங்கள் பீலியடியில் எல்லாக் குடமும் ஒரே வரிசையில் தண்ணீர் பிடிக்கிறது. அதையே பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதிலும் எனக்குக் கோபம்தான்.

கடல் தாண்டித் திரும்பி, மலையேறும் ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் பைகளைப் பார்த்து, இந்தியாவில் சொந்த ஊருக்குப் போய் வருகிறீர்களா என்று சிங்களத்தில் சிரித்தபடி கேட்டார். அம்மாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: "இல்ல மகன். சொந்த ஊருக்கு இப்பதான் போய்க்கிட்டிருக்கோம்."