ஏழாம் சனலில் மாமா

துவக்கைத் தொடாமல் மான் வேட்டைக்குப் போன ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து என் மாமாதான். அம்மாவின் தம்பி. கனடாவில், ஸ்காபரோவில் எங்களோடு இருந்துகொண்டு, மிசிசாகாவில் ஒரு பண்டகசாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். அங்கே எட்டு வருசமாக மத்தியானச் சாப்பாட்டை ஒரு மூலை மேசையில் தனியாகச் சாப்பிட்டவரை, டேவ் என்ற வெள்ளைக்காரர் ஒருநாள் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அம்மாவின் மட்டன் ரோல்ஸுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தச் சிநேகிதம் வளர்ந்து, நவம்பர் மாதம் வடக்கே காட்டுக்கு நீயும் வா என்ற அழைப்பில் வந்து நின்றது.

மாமாவுக்குக் கால் தரையில் படவில்லை. அனுமதிச் சீட்டு எடுத்தார், வேட்டைக்காரர் போடுகிற தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி வாங்கினார். சுடுவது தன்னால் ஏலாது, மான் வரும் பக்கம் நடந்து கலைத்துவிடுகிறேன் என்று முதலே சொல்லியிருந்தார். பிறகு, காட்டுக்குள் பேசிக்கொள்ள ஒரு வோக்கி டோக்கி வேண்டும் என்றார். அதைத் தெரிவுசெய்யத்தான் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் வீடுகளில் அரசாங்கக் கடிதத்திலிருந்து மருந்துப் போத்தல் வரை வாசிப்பது பிள்ளைகளின் வேலை. பதினொரு வயதில் நான்தான் எங்கள் குடும்பத்தின் ஆங்கில இலாகா. அந்தப் பதவியின் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

கடைக்காரர் வயதானவர், பொறுமையானவர். கூடப் போகிறவர்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று கேளுங்கள், அதில் எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படியே உங்களுடையதிலும் வையுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். பொலிவில்லாத ஒரு கறுப்புக் கருவியையும் எடுத்துக் காட்டினார். என் கண்ணோ, இலை தழை படம் போட்ட ஒரு சோடியில் இருந்தது. அதில் சின்ன லைட்டும் இருந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

"எல்லாம் ஒண்டுதானாம், மாமா."

அவருக்கு இருந்த கவலை வேறு. நான் காட்டிய சோடியின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் கதைக்கிறதை வேற ஆக்கள் கேக்கேலாதே? என்ரை இங்கிலிசைக் கண்டவனும் கேட்டுச் சிரிப்பான்."

பெட்டியில் இரகசிய எண் வசதி என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு எண்ணை வைத்துவிட்டால் ஒருவருக்கும் கேட்காது என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு கருவியிலும் என் வயதையே எண்ணாக வைத்தேன். மாமா கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றும், நான் ஒன்பதாம் மாடி பல்கனியில் நின்றும் பேசிப் பார்த்தோம். "பிள்ளை, கேக்குதோ?" "ஓம் மாமா, கேக்குது." அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அம்மாகூட வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனா.

வேட்டைக்குப் போன மூன்றாம் நாள், சொன்னதற்கு ஒருநாள் முந்தியே, மாமா திரும்பி வந்துவிட்டார். மேலங்கியைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னார்.

முந்தின நாள் மத்தியானம், முதல்தரம் தனியாக நடந்தபோது வழி தவறிவிட்டது. எல்லோரும் ஏழாம் சனல் என்று பேசி வைத்திருந்ததால் ஏழில் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. மூன்று மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் எங்கேயோ வாகன ஹோர்ன் விடாமல் அடிப்பது கேட்டு, அந்தப் பக்கம் நடந்து வெளியே வந்தார். அங்கே நின்ற டேவ், நீ பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது, ஒவ்வொரு முறையும் பதில் சொன்னோமே என்றாராம். கூட நின்ற ஒருவன் மாமா கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தானாம்.

"எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவங்கள், அக்கா. நான் அழுததும் கேட்டிருக்கும். மறுமொழி சொன்னவங்களாம். நான் என்ன செவிடனே?"

மாமா அழுதார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கருவி மேசையில் கிடந்தது. அதன் திரையில் ஏழுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பதினொன்று இருந்தது.

கருவியையும் அதோடு வந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். அந்த எண் நாம் பேசுவதை ஒருவரிடமிருந்தும் மறைக்காதாம். அதே எண் வைக்காதவர்கள் பேசுவதை நம் காதுக்கு வரவிடாதாம், அவ்வளவுதான் அதன் வேலை. டேவின் ஆட்கள் எண் எதுவும் வைத்திருக்கமாட்டார்கள்; அவர்கள் சொன்ன பதிலை மாமாவின் காதுக்கு வரவிடாதது நான் வைத்த எண்தான். எண்ணைப் பூச்சியத்துக்கு மாற்றினேன். வெளியே வந்து வைத்த இடத்திலேயே கருவியை வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டேவ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். மாமா அறைக்குள் இருந்துகொண்டு, தான் இல்லை என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். டேவ் ஒரு பை மான் இறைச்சியை என் கையில் தந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மாமாவிடம் இதை மட்டும் சொல்லிவிடு என்றார். நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருகிறோம் என்றுதான் அன்று முழுக்கக் கருவியில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று.

தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என்னவாம் என்று அறைக்குள்ளிருந்து மாமா கேட்டார். இறைச்சி தந்தவர் என்றேன். அம்மா அதைப் பிரட்டல் கறி வைத்தா. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். மாமா தொடவில்லை.

தை மாதம் மாமா ஒஷாவாவில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, உனக்குத்தானே இதுகளைப் பற்றித் தெரியும் என்று அந்தச் சோடியை எனக்கே தந்தார். நான் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அவர் ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. வெள்ளையளை நம்பேலாது என்பார். பக்கத்தில் இருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இனிச் சொன்னால் எப்படித் தாங்குவார் என்று எனக்கு நானே ஒரு சாட்டு வைத்திருக்கிறேன்.

அன்று எனக்கு ஏச்சு விழாமல் தப்பியதுதான் பெரிதாகத் தெரிந்தது. டேவ் சொல்லிவிட்டுப் போனதைச் சொல்லத் தேவையில்லாத ஒரு சாதாரணச் சங்கதியாகவே நினைத்தேன். மாமாதான் வீட்டுக்கு வந்துவிட்டாரே, இனி யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பது என் கணக்கு. காட்டுக்குள் மூன்று மணி நேரமும் அவர் காத்திருந்தது நாங்கள் வருகிறோம் என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்பதும், வீட்டுக்கு வந்த பிறகும் அதற்காகவே காத்திருந்தார் என்பதும் பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.