புவாலாவின் புதுச் சட்டி

புவாலாவுக்கு நான் இருபத்து நாலாயிரம் பாட் கடன்பட்டிருந்தேன். கைமாற்று வாங்கியதல்ல, அவளுடைய ஆறு மாதக் கூலி. நாலாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஆனாலும் தாய்லாந்தின் காலசின் பக்கம் பழைய டி.வி., கம்ப்யூட்டர் உடைக்கும் கொட்டகையை முதலில் போட்டவன் காம்சிங்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரு கூலிக்காரியின் முகத்தைப் பார்க்கப் பயந்து பின்வாசலால் போய்வந்தேன் என்றால் நம்புவீர்களா? போய்வந்தேன்.

எங்கள் தொழிலில், கரியடுப்பில் சட்டி வைத்து, போர்டைக் கவிழ்த்துப் போட்டு, ஈயம் இளகியதும் சில்லுகளைக் குறடால் பிடுங்குவோம். வழிந்த ஈயம், காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று, அதைக் கம்பியாக வார்த்து விற்போம். புவாலா கை வைத்தால் ஒரு சில்லு உடையாது. புருஷன் பாங்காக் போனவன் திரும்பவில்லை. அவளும் நாலு வயது மகள் பிம்மும் இருந்த மரவீடு என் அடுப்பிலிருந்து பன்னிரண்டு தப்படி.

சுகாதார நிலையத்து நர்ஸ் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துப் போன பிறகு, ஒருநாள் காலையில் புவாலா ஒரு தாளோடு வந்து நின்றாள்.

“பெரியப்பா, பிம்முக்கு முப்பத்தொண்ணு வந்திருக்கு.”

“காய்ச்சலா?”

“ரத்தத்துல காரீயம், மூளையக் கெடுக்குமாம். அஞ்சுக்குக் கீழ இருக்கணுமாம். அடுப்புப் பக்கத்துல இருந்து புள்ளைய நகத்தச் சொல்றாங்க. மூணு மாசத்துல மறுபடி ரத்தம் எடுப்பாங்களாம்.”

“முப்பது வருசமா இந்தப் புகையத்தான் குடிக்கிறேன். எருமை மாதிரி இல்லையா நானு?”

“எருமைக்குப் படிப்பு வேணாம் பெரியப்பா. இவ பள்ளிக்கூடம் போகணும்.”



வீட்டைப் பிரித்து, லாரியில் ஏற்றி, அக்காள் நிலத்தில் மறுபடி நட்டுவிடப் பார்த்தாள். அதற்குத்தான் அந்தக் கூலிப் பணத்தைக் கேட்டாள். என்னிடமோ சல்லிக்காசு இல்லை. இருந்ததையெல்லாம் போட்டுப் புதுச்சரக்கு வாங்கியிருந்தேன். அது தொழிற்சாலை கழித்துவிட்ட போர்டு. ஈயத்தில் காரீயமே கிடையாது, அத்தனையும் வெள்ளீயம், கிலோவுக்கு மூன்று மடங்கு விலை என்று தரகன் சொன்னான். அவனுக்குப் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தேன்.

“இந்தச் சரக்கு போகட்டும், முதல் பணம் உனக்குத்தான்,” என்றேன்.

சரக்கு லேசில் இளகவில்லை. மூட்டை மூட்டையாகக் கரி தின்றது, அதுவும் கடைக்காரனிடம் கடனுக்கு. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தயிருக்கு உறை விடுவதுபோல, முதல்நாள் ஈயத்தைச் சட்டியில் ஒரு விரல்கனம் விட்டுவைப்போம். அது முதலில் உருகிச் சூட்டைப் பரப்பும், போர்டு சட்டென்று விட்டுக்கொடுக்கும். “எல்லாச் சட்டியிலும் உறை போடுங்க,” என்றேன். எனக்கா தொழில் தெரியாது?

புவாலா மட்டும் மறுத்துவிட்டாள். சந்தையில் புதுச்சட்டி வாங்கி, அடுப்பைத் தூக்கிக்கொண்டு வயல்கோடிக்குப் போய்விட்டாள்.

“பழைய ஈயம் ஒரு சொட்டு விழக்கூடாது. அந்தப் புழுதிதான் என் புள்ள வாய்க்குப் போகுது.”

“இந்தப் புகை மட்டும் மல்லிகைப்பூவா மணக்குது?”

“இல்ல, இதுவும் கண்ணெரியுது. எரியட்டும், ஒரு விஷமாவது குறையுமில்ல.”

வேலை முடிந்ததும் குளத்தில் குளித்து, உடையை மாற்றிய பிறகே பிம்மைத் தொடுவாள். மற்றவர்கள் எடுத்ததில் பாதிதான் எடுத்தாள். நான் சிரித்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளை மண்ணளைந்த விரலை வாயில் வைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாசலால் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஈயம் வாங்கும் செங் வந்தார். வீட்டை ஏற்ற மறுநாள் லாரி வருவதாகப் பேச்சு. வீட்டுக் கூரைத் தகரத்தைப் புவாலா கழற்றியே விட்டாள்.

செங் என் கம்பி ஒன்றை எடுத்துக் காதருகே வளைத்தார். சத்தமில்லை. இன்னொன்று, அதுவும் ஊமை.

“சுத்த வெள்ளீயம் வளைச்சா கறகறன்னு அழும் அண்ணே. இது அழலையே.”

காகிதத்தில் தேய்த்தார். சாம்பல்நிறக் கோடு விழுந்தது.

“பழைய ஈயம் கலந்திருக்கீங்க. பழைய விலைதான்.”

என் உறை! எல்லாச் சட்டியிலும் போடச் சொன்னவன் நான்தான். பழைய விலையில் அத்தனையும் போட்டால் தரகன் பாக்கிக்குத்தான் சரியாகும். அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

“என்னோடதயும் பாருங்க,” என்று புவாலா கோணியை அவிழ்த்தாள்.

செங் வளைத்தார். கம்பி கறகறவென்று அழுதது. அடுத்ததும் அழுதது. கிலோ ஐந்நூற்றிருபது, ஐம்பத்திரண்டு கிலோ. சரக்கு என்னுடையதென்பதால் இருபத்தேழாயிரத்துச் சொச்சம் என் கைக்கு வந்தது.

“காம்சிங் அண்ணே, கரிக்கடைக்காரன் உங்க பேரச் சொல்லித் திட்டிட்டிருக்கான். முதல்ல அவன் வாய அடைங்க,” என்றான் தரகன்.

நியாயம்தான். அடுத்த மாதம் கரி இல்லாமல் அடுப்பு எரியாது. நோட்டை மடித்தேன்.  கூரையில்லாத வீட்டுப்படியில் பிம் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தது.

“முதல் பணம் உனக்குன்னு சொன்னவன் நான்,” என்றேன் புவாலாவிடம். “கைய நீட்டு.”

“கை கழுவிட்டு எண்ணுங்க பெரியப்பா.”

என்னிடம் அப்படிச் சொல்ல இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை என்றிருந்தேன். தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். அவளும் கழுவிக்கொண்டு வந்து உள்ளங்கையை விரித்தாள். ஈரம் காயவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, ஆயிரம் பாட் நோட்டு இருபத்து நாலையும் அதில் வைத்தேன்.