என் உதட்டுச் சிவப்புப் புள்ளிகள்

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று நான்தான் முடிவு கட்டினேன். மாம்பழம் கூடாது, பொரித்த கோழி கூடாது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். திருட்டுத்தனமாக எதையோ தின்றிருப்பாள் என்று, ரத்தம் வழியும்போதே திட்டியிருக்கிறேன்.

இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். சென்ற ஆண்டு வகுப்பிலேயே ரத்தம் நிற்காமல் வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிராங்கூன் சாலையில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையிலிருந்து ஓடினேன். டாக்டர் அவளைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடி வில்லை ஒன்றை என் உதட்டில் வைத்து அழுத்தினார். அங்கிருந்த சிவப்புப் புள்ளிகள் மறைந்தன. எடுத்ததும் திரும்பி வந்தன. விரல் நுனியிலும் அப்படியே. ரத்த மச்சம் என்று நினைத்து, தினமும் அவற்றைப் பார்த்தபடியே சவரம் செய்தவன் நான்.

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

“தோல்ல, மூக்குல எல்லாம் ரத்தக் குழாய் சரியா அமையாத வியாதியாம்பா. ரொம்பப் பேருக்கு வராது. குடும்பத்துல வரும். உங்களுக்கு கிளியரா தெரியுது, அதனால உங்க ரத்தத்ததான் முதல்ல டெஸ்ட் பண்ணுவாங்க. அதுல என்ன தப்புன்னு தெரிஞ்சா, அதே எனக்கும் இருக்கான்னு பாப்பாங்க.”

“எனக்கு இருந்தா உனக்கும் இருக்குமா?”

“பாதிக்குப் பாதி சான்ஸ்.” என் முகத்தைப் பார்த்தாள். “என்னப்பா, சொத்து எழுதிக் குடுத்த மாதிரி முழிக்கிறீங்க? ரிலாக்ஸ்லா.”

என் ரத்தத்தில் அது இருந்தது. பிறகு அவள் ரத்தத்தை எடுத்தார்கள். காத்திருந்த நாட்களில், அவளுக்கு வெறும் சூடாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன். அவளுக்காக வேண்டினேனா, நான் திட்டியதெல்லாம் சரியென்று ஆகவேண்டும் என்பதற்காகவா, எனக்கே தெரியவில்லை.

அவளுக்கும் இருந்தது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும், இருந்தாலும் வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மகளை விட்டுக் கேட்டேன்.

“இல்லையாம்பா,” என்றாள். என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

பேருந்து நிறுத்தத்தில் மறுபடி ரத்தம் வந்தது. பழக்கத்தில் என் கை அவள் நெற்றியைப் பிடித்துப் பின்னால் சாய்க்கப் போனது.

“முன்னால குனியணும்பா. நர்ஸ் சொன்னாங்கல்ல?”

குனிந்து மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிஷ்யூவை நீட்டினேன். மன்னித்துவிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“பஸ் வருது. கை காட்டாதீங்க, அடுத்ததுல போலாம்,” என்றாள்.

பேருந்து நிற்காமல் போனது. அடுத்தது வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.