டின்னைத் தட்டியவள்

சீனப் பெருநாள் பட்டாசு வெடித்ததும் எங்கள் நாய் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. "அம்மா, இது சரியான பயந்தாங்கொள்ளி லா!" என்று மகள் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, கூலாய் தோட்டத்தில் என் மாமா, மணி என்ற நாய்க்குட்டியைப் பறவை வேட்டைக்குப் பழக்கினார். வேட்டைக்கு உதவாத நாய் தொழிலாளர் லயத்தில் இருக்கக்கூடாது என்று தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் கிராணி சொல்லியிருந்தார். மணி சோறு தின்னும்போது நான் தூரத்தில் நின்று டின்னைத் தட்ட வேண்டும். நாளுக்கு ஓரடிதான் நெருங்க வேண்டும். அப்படித்தான் துப்பாக்கிச் சத்தம் பழகும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மூன்றாம் நாளே அதன் காதருகில் ஓங்கி அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சோதனையன்று கிராணி நீர்க்கோழியைச் சுட்டார். கோழி விழுந்தது. அதைக் கவ்வி வர வேண்டிய மணி செம்பனை மரங்களுக்குள் ஓடிவிட்டது.

"நாயப் பழக்கச் சொன்னா முயலப் பழக்கி வெச்சிருக்கியேடா!" என்றார் கிராணி.

"ஏன் இப்படி ஆச்சுன்னே தெரியல, ஐயா," என்றார் மாமா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் மணியை லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். சாகும்வரை மாமா அதைப் பயந்தாங்கொள்ளி என்றே சொன்னார். நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

"சிரிச்சது போதும், போ," என்று மகளை அதட்டிவிட்டு, கட்டிலோரம் தரையில் படுத்தேன். நாய் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.