விருதுக்கு முன்னால் ஒரு பதிவேடு: ஜவ்வாது மலையில் ஒரு நாள்

மலையைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, வேலையாகத்தான் போனேன். சென்னையில் மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறேன். வசதி குறைந்த நாடுகளிலிருந்து வரும் சிறந்த ஆய்வுக்கு எங்கள் இதழ் ஆண்டுதோறும் விருது தருகிறது. சென்ற ஐப்பசியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றில் ஒன்று ஜவ்வாது மலையில் செய்தது. தொலைவான ஊர்க் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குச் சில நாள் முன்பே சுகாதார நிலையத்தை ஒட்டிய அறையில் தங்கவைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருந்த தாய்மாரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

வெளிநாட்டு நடுவர் ஒருவருக்கு அதுதான் உறுத்தியது. கணக்கு நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அசல் பதிவேடுகளைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். அந்தக் கட்டுரைக்காக அலுவலகத்தில் வாதாடியவள் நான். பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு இரவு தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குச் சென்னையில் ரயில். 9.50க்குத் திருப்பத்தூர். கட்டணம் 105 ரூபாய். மலைக்குப் பேருந்து உண்டு, ஆனால் நான் போன நேரத்தில் இல்லை. ஜீப் பேசினேன். போய்வர 1,800. ஓட்டுநர் குமரேசன், அடிவாரத்துக்காரர்.

"இன்னா மேடம், ஆஸ்பத்திரில யார்னா கீறாங்களா?" என்றார்.

"இல்லைங்க, ஆபீஸ் வேலை."

"மூஞ்சப் பாத்தா அப்படித் தெரியலயே" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினார்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான்காவது வளைவில் பாதிச் சாலையை அடைத்துப் பாறை கிடந்தது. குமரேசன் இறங்கி, பள்ளத்தின் ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, "கண்ண மூடிக்கோங்க" என்றார். மூடிக்கொண்டேன். அப்புறம் மேலே போகப்போகப் புளியமரங்களும் சாமை அறுத்த காடுகளும் மூடுபனிக்குள் வந்து வந்து மறைந்தன. செல்பேசியில் சிக்னல் போய்விட்டது. 31 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

சுகாதார நிலையத்தில் ஆய்வை எழுதிய டாக்டர் மாலதி இல்லை. ரத்தப்போக்கு வந்த பெண்ணுடன் ஆம்புலன்சில் கீழே போயிருந்தார். கிராம செவிலியர் செண்பகம் பதிவேடுகளை எடுத்து வைத்தார். மலையிலேயே பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். அறைக்குள் நிறைமாதப் பெண்கள் மூவர் பாயில் படுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, அதிகாரி என்று நினைத்தோ என்னவோ, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வரியாகக் கட்டுரையோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. மூச்சு சீரானது. மூடி வைக்கப் போகும்போது "ஊர் மாறியவர்கள்" என்ற பக்கத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி தெரிந்தது.

"இது என்ன?"

செண்பகம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பச்சையம்மாங்க. மூணு நாள் இங்க இருந்தாங்க. அப்புறம் செங்கம் பக்கம் அம்மா வூட்டுக்குப் போய்ட்டாங்க. ஊர் மாறிட்டாங்கன்னு கணக்குல இருந்து எடுத்துட்டோம்." குரல் இறங்கியது. "அங்கயே வலி வந்து, ஆஸ்பத்திரி போற வழிலயே உயிர் போய்ட்சி. எனக்கே போன மாசந்தான் தெரியும். புள்ளி வெச்சேன். வாயத் தொறந்து சொல்ல வரல. பரிசு வருதுன்னு டாக்டரம்மா அவ்ளோ சந்தோஷமா கீறாங்க."

இதை நான் பார்த்தது செண்பகத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்ற எண்ணம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த எண்ணம் வந்தது உண்மை.

மூன்று மணிக்கு டாக்டர் மாலதி நனைந்துபோய் வந்தார். கூட்டிப்போன பெண் பிழைத்துவிட்டாளாம். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் செண்பகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டரின் முகம் சிவந்தது. "ஒரு மாசமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்திச்சிங்க." செண்பகம் மேலும் சொன்னார்: "யார் யார் போனாங்கன்னு நீங்க கேட்டீங்க. ஏன் போனாங்கன்னு யாரும் கேக்கலீங்க. அவங்களுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு கீது. குழந்தைங்கள இங்க வெச்சிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம். அத வுட்டுட்டு எப்படி இருப்பாங்க?"

டாக்டர் ஈரப் புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு அந்தப் பக்கத்தை வாங்கி, "இதுல மத்தவங்கல்லாம் எங்க இருக்காங்க?" என்று கேட்டார். செண்பகத்துக்குத் தெரியவில்லை.

"பார்த்ததை எழுதுங்க" என்றார் டாக்டர் என்னிடம். "நானும் எழுதறேன்."

நான்கு மணிக்கு இறங்கினோம். போகும்போது பயமுறுத்திய பாறை இந்த முறை கண்ணில்கூடப் படவில்லை. அறிக்கையை எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் அடித்து அடித்து எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆண்டு விருது வேறொரு நாட்டுக் குழுவுக்குப் போனது. டாக்டர் மாலதியும் செண்பகமும் விட்டுப்போன ஒவ்வொரு பெண்ணையும் தேடிப்போனார்கள். மற்றவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கட்டுரையைத் திருத்தி, பெண்கள் ஏன் போனார்கள் என்று ஒரு பகுதி சேர்த்து மீண்டும் அனுப்பினார்கள். இப்போது ஆசிரியர்கள் இரண்டு பேர், இரண்டாவது பெயர் செண்பகம். இந்த ஆண்டு விருது அவர்களுக்குத்தான். முதலில் சந்தேகப்பட்ட அதே நடுவர்தான் பரிந்துரைத்தார். செய்தி சொல்லக் கூப்பிட்டபோது செண்பகம், "பச்சையம்மா பேரு அதுல வருமாங்க?" என்று கேட்டார். வராது, ஆய்வில் பெயர் போடக்கூடாது என்றேன்.

விருது என்பது குறையில்லாத எண்களுக்குத் தருவது என்று நினைத்திருந்தேன். இப்போது எந்தக் கட்டுரை வந்தாலும் பட்டியலிலிருந்து விலகியவர்களைத்தான் முதலில் தேடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை மாதங்களில் காலை பத்து மணிக்குள் மலையேறிவிடுங்கள். வளைவுகளில் தலைசுற்றும் என்றால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மேலே பணம் எடுக்க இயந்திரத்தை நம்ப வேண்டாம், சிக்னலையும் நம்ப வேண்டாம். ஆய்வு வேலையாகப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். அன்றைக்குச் செண்பகம் இருக்க மாட்டார். அறையை விட்டுப் போன பெண்களின் வீடுகளுக்கு நடந்துகொண்டிருப்பார்.