வெள்ளையும் காவியும் பூசிய கற்கள்

காட்டைக் காக்கத்தான் எனக்குச் சம்பளம். விறகு திருடுகிறவனையும் சந்தன மரத்தில் கை வைக்கிறவனையும் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் வேலையில் சேர்ந்தேன். சாமி கும்பிட வருகிறவர்களிடமிருந்து ஒரு சுனையைக் காக்க வேண்டியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அப்பாவைப் போல மரச்சீனிக் கிழங்கு நட்டுப் பிழைத்திருப்பேன்.

குலசேகரத்துக்கு மேலே உள்ள மலை அது. உச்சியில் ஒரு சூலமும் ஒரு கல்விளக்கும் உண்டு. பூசாரி கிடையாது, மதில் கிடையாது, யார் எந்தச் சாதி என்று கேட்க ஆளும் கிடையாது. முன்பெல்லாம் ஆடி அமாவாசைக்குச் சுற்று ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் ஏறுவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்துக்கு சர்வீஸ் பஸ் ஓடத் தொடங்கிய பிறகு எல்லா அமாவாசையும் ஆடி அமாவாசை ஆகிவிட்டது.

பாதி மலைக்கும் மேலே, பாதையை ஒட்டியே சுனை. வருகிறவர்கள் தலைநிறைய எண்ணெய் தேய்த்து அதில் இறங்கிக் குளிப்பார்கள். சீயக்காய் அரப்பு எல்லாம் அதில்தான். குளித்த பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் பீடை போகும் என்று ஒரு பழக்கம். அவர்கள் பீடை போயிற்றோ என்னவோ, அது முழுவதும் சுனைக்குள் கிடந்தது. சுற்றிலும் ஈரம் காத்துக்கொண்டிருந்த செடிகொடியெல்லாம் மிதிபட்டு, வெறும் செம்மண் தெரிந்தது. மழை பெய்தால் அந்த மண்ணும் தண்ணீருக்குள் வந்துவிடும்.

அந்தத் தண்ணீர் அடிவாரத்தில் இருந்த சில வீடுகளுக்குக் குடிதண்ணீர். பிளந்த கமுகு மரங்களைத் தலைக்குத் தலை சேர்த்து வைத்து, சுனையிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். மாசி, பங்குனியில் வேறு தண்ணீர் கிடையாது. அதில் ஒரு வீட்டில் என் அக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் குடத்தில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றாள்.

மேலதிகாரியிடம் சொன்னேன். சனங்களைப் பாதையோடு போகச் சொல், சுனையில் இறங்க விடாதே என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் ஜீனிக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் கம்பை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஒருவனைத் தடுத்தால் பின்னால் பத்துப் பேர் இறங்கினார்கள். இண்டு முள்ளை வெட்டி வளைத்துக் கட்டினேன். அடுத்த அமாவாசைக்கு வந்தவர்கள் அதை எரித்துப் பொங்கல் வைத்துவிட்டு, நல்ல காய்ந்த முள் என்று என்னிடமே பாராட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது மிஷன் வளாகத்தில். எங்கள் வேதக் கோவிலுக்குப் போகும் நடைபாதையின் இரு பக்கமும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். பூஞ்செடிகளைச் சுற்றியும் அப்படித்தான். அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள், நாங்கள் விளையாடும்போதுகூட. சுனையைச் சுற்றியும் அதே மாதிரிச் செய்தால் என்ன?

முழங்கால் உயரக் கற்களாகப் பொறுக்கி வட்டமாக நட்டேன். சிப்பிச் சுண்ணாம்பு பாதியிலேயே தீர்ந்துபோயிற்று. மரங்களுக்கு அடையாளம் போட வைத்திருந்த காவி கையில் இருந்தது. எடுப்பாகத் தெரியட்டுமே என்று வெள்ளைக்கு இடையில் காவிப் பட்டை இழுத்தேன். வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளையும் காவியும் என்றால் கோயில் மதில் என்று இந்த நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நானும் எத்தனையோ கோயில் மதிலை ஒட்டி நடந்திருக்கிறேன். உள்ளே போக வேண்டிய வேலை இல்லாததால் கண்ணில் பட்டது புத்தியில் ஏறவில்லை. ஆடி அமாவாசையன்று நான் போய்ச் சேரும்போது ஒவ்வொரு கல்லுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். பெரிய கல்லுக்குச் சிவப்புத் துணி சுற்றி அரளி மாலை போட்டு, எண்ணெயும் பாலும் ஊற்றியிருந்தார்கள். எல்லாம் வழிந்து சுனைக்குள் போய்க்கொண்டிருந்தது. உச்சிக்குப் போகிறவர்கள் குறைந்து, சுனையே கோயில் ஆகிவிட்டது. தை அமாவாசைக்குக் கூட்டம் இரண்டு மடங்கு.

தலையில் அடித்துக்கொண்டேன். கற்களைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு நாள் கடப்பாரையோடு போனேன். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வயலில் நாற்று நடுகிறவள். வாதம் வந்த காலை இழுத்து இழுத்து ஏறி வந்திருந்தாள். கடப்பாரையைப் பார்த்ததும் எழுந்து, மரியாதைக்காக நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

"எங்க ஊரு கோயில்ல வெளிய நிக்குத ஆலமூடு வரைக்கும்தான் எங்களுக்கு, அய்யா. நடை தொறந்திருக்கா அடைச்சிருக்காண்ணு கூடத் தெரியாது. இங்க எனக்க கையால வெளக்குப் போட்டேன்" என்றாள்.

நான் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, மலை சரிந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவனைப் போல அங்குமிங்கும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

பங்குனியில் அக்காள் மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. நான்கு வயதுப் பெண். மூன்று நாளில் கண் குழிந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டாள். அவள் எழுந்து உட்கார்ந்த அன்று அக்காள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நீ காவல் நிக்குதது யாருக்குலே மக்கா? அவியளுக்கா, எனக்க பிள்ளைக்கா?"

அவமானமாக இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சித்திரையில் கோடை மழை பெய்த ஒரு மத்தியானம், மலையில் ஒரு ஈ காக்காய் இல்லாதபோது, கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சாக்கில் கட்டித் தோளில் சுமந்து கீழே கொண்டுபோனேன். அடிவாரத்திலிருந்து கொஞ்சம் ஏறினாலே ஒரு பெரிய பாறைத்தட்டு வரும். பக்கத்தில் வேறொரு ஓடை. அது யார் வீட்டுக்கும் போகாமல் நேரே ஆற்றில் விழும். பாறையில் எத்தனை பேர் மிதித்தாலும் மிதிபட ஒன்றுமில்லை. அங்கே அதே வட்டமாக வைத்தேன். துணி சுற்றிய கல்லை நடுவில் வைத்தேன். மழையில் கரைந்த இடத்துக்கு மறுநாள் மறுபடியும் வெள்ளையும் காவியும் பூசினேன். என்ன செய்கிறேன் என்று இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தேதான் பூசினேன். பாதையிலிருந்து சுனைக்கு இறங்கும் தடத்தில் தாழை நட்டு அடைத்தேன்.

அமாவாசை வந்தது. பாறைத்தட்டுக்கு மேலே ஒருவரும் வரவில்லை. காலை இழுத்து நடக்கும் அந்தப் பெண்தான் முதலில் சொன்னாளாம், ஏற முடியாதவர்களுக்காகச் சாமி பாதி மலை இறங்கி வந்துவிட்டது என்று. அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் சுனையைச் சுற்றிப் பாசியும் செடியும் பிடித்தன. அக்காள் குடத்தில் எண்ணெய் இல்லை. எப்படி என்று அவள் கேட்கவில்லை. ஆனால் நான் அந்தக் கற்களுக்கு மறுபடி காவி பூசியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோவிலில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தபோது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததை, பெண்கள் பக்கத்திலிருந்து அவள் பார்த்தாள். போதகரிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன். பல மாதம் வயிறு சரியில்லாமலே இருந்தது.

சில வருஷம் கழித்து, கோயில்களுக்குள் எல்லாச் சாதியாரும் போகலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்தார். இனி கூட்டம் குறையும் என்று எண்ணினேன். குறையவும் செய்தது. ஆனால் காலை இழுத்து நடக்கும் அந்தப் பெண் வந்தாள். ஊர்க் கோயிலுக்குள் போனாயா என்று கேட்டேன். போனேன், கண் நிறையப் பார்த்தேன் என்றாள். பின்னே இந்தக் காலை வைத்துக்கொண்டு இங்கே எதற்கு வருகிறாய் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அங்க அவிய நம்மள உள்ள விட்டாவ. இங்க அது நம்மளத் தேடி எறங்கி வந்துதுல்லா அய்யா."

எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறந்தேன். அவள் கல்லின் முன்னால் வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். வாங்கி, தோலை உரித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதையும் தின்றேன்.