கறையக்காவின் இரண்டாவது இணையதளம்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கறையக்காதான். சட்டைப் பையில் பேனா கசிந்துவிட்டதா, மேஜை விரிப்பில் தேநீர் கொட்டிவிட்டதா, "கறையக்காகிட்ட கேளு" என்பார்கள். ஒன்பது வருஷம் சலவைக் கடையில் நின்று துணி வாங்கிப் போட்டவள். துணியை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினாலே இது எண்ணெய், இது துரு, இது மூன்று நாள் ஆன ரத்தம் என்று சொல்லிவிடுவாள். கூடவே வாடிக்கையாளர் சொல்லும் பொய்யும் அவளுக்குத் தெரிந்துவிடும். தக்காளி சாஸ் என்று ஒருவர் கொண்டுவந்து போட்ட சட்டைக்கு, வேலை நினைப்பில் "உதட்டுச் சாயம்" என்று சீட்டு எழுதிவிட்டாள். அந்தச் சட்டையை வாங்கிப்போக வந்தது அவருடைய மனைவி. அந்தக் கதை தெருவில் பல நாள் ஓடியது.

கடை இருந்த கட்டடத்தைச் சொந்தக்காரர் மருந்துக் கடைக்குக் கொடுத்துவிட்டதும் கறையக்காவுக்கு வேலை போயிற்று. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மகள் அப்போதுதான் கட்டட வரைபடப் படிப்பில் சேர்ந்து விடுதிக்குப் போயிருந்தாள். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தம்பி ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தான்.

"உன் மண்டைக்குள்ள இருக்கறத எழுதிப் போடுக்கா. படிக்க ஆள் வந்தா விளம்பரம் தானா வந்து ஓரத்துல ஒட்டிக்கும். பார்க்கறவங்க பார்த்தா உனக்கு ஒரு காசு, தொட்டா நாலு காசு."

"கறைய எப்படிப் போக்கறதுன்னு யாருடா உக்காந்து படிப்பாங்க?"

"கறை பட்டவன் படிப்பான். சின்ன விஷயமாப் பிடிச்சுக்கணும்க்கா. பெரிய பத்திரிகைங்க எட்டிப் பார்க்காத சந்துபொந்தா இருக்கணும்."

அப்படிப் பிறந்ததுதான் முதல் தளம். துணிக் கறைகளுக்கு மட்டும். எட்டு மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாவது மாதம் வெள்ளைச் சட்டைக் காலரைப் பற்றி அவள் எழுதியது எப்படியோ தேடுகிறவர்கள் கண்ணில் பட்டது. கையைக் கடிக்காத அளவுக்கு வருமானம் வர ஆரம்பித்தது. கரன்ட் பில்லும் வீட்டு இணையச் செலவும் போக மிச்சம் கொஞ்சம் நின்றது. அந்தத் தளத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் அவள் கைபட்டு அறிந்தது.

தம்பிதான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தான். "ஜனங்க துணிய விடத் தரையத்தான் அதிகமாத் தேடறாங்க. டைல்ஸ், பாத்ரூம், உப்புக் கறை. அதுக்குத் தனியா இன்னொண்ணு போடலாம்க்கா."

"அது எனக்குத் தெரியாதேடா."

"தெரிஞ்சவங்க எழுதினதப் பார்த்து உன் பாணியில எழுது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஆறு வாரத்தில் முப்பத்திரண்டு குறிப்புகள் எழுதினாள். டைல்ஸைப் பற்றி ஊருக்கே சொன்னவளின் வீட்டுக் குளியலறையில் இருந்தது சிமென்ட் தரை. கழிப்பறை உப்புக் கறைக்காக அவள் புரட்டிய பக்கங்களில் ஒன்று ஆசிட்டைப் புகழ்ந்தது, இன்னொன்று ப்ளீச்சைப் புகழ்ந்தது. இரண்டையும் சேர்த்துக் கலந்து ஊற்றச் சொல்லி எழுதினாள். "தனித்தனியே இவ்வளவு வேலை செய்கிறவை, கை கோத்தால் எவ்வளவு செய்யும்!" என்று ஒரு வரி போட்டாள். அந்த வரி அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்தது அவளுக்கு மட்டுமல்ல. அந்தப் பக்கம் மளமளவென்று மேலே ஏறியது. இரண்டு தளங்களுக்கும் வருகிறவர்களில் பாதிக்குமேல் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் வந்தார்கள். மகளின் விடுதிக் கட்டணம் அதிலிருந்தே போயிற்று. "உன் பாத்ரூம் பொண்ணைப் படிக்க வைக்குது" என்று அவள் வீட்டு வேன்காரர் சிரிப்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அவள் வழக்கம்போலப் பின்னூட்டங்களைத் திறந்தாள். "நன்றி அக்கா", "எங்க கிடைக்கும்" என்பவற்றுக்கு நடுவில் ஒன்று கிடந்தது.

"இதைப் படித்துவிட்டுச் செய்ததில் என் மனைவி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எழுதியவர் என்னிடம் பேச வேண்டும்." கீழே ஒரு தொலைபேசி எண்.

ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, அப்படி நினைக்கத் தீர்மானித்தாள் என்பதே சரி. அந்தப் பின்னூட்டத்தை அழித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அன்றும் மறுநாளும் கணினிப் பக்கமே திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அதே வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் மறுபடி வந்திருந்தது. கோபமாக ஒரு வார்த்தைகூட அதில் சேர்ந்திருக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

ஒன்றரை வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தாள். அந்த இரண்டின் பெயரையும் போட்டு, சேர்ந்தால் என்ன ஆகும் என்று தேடினாள். நச்சு வாயு. நுரையீரலைப் புண்ணாக்கும். மூடிய அறையில் உயிரே போகலாம். இதெல்லாம் எங்கேயும் ஒளித்து வைத்திருக்கவில்லை, தேடியதும் முதல் பக்கத்திலேயே இருந்தது. பின்னூட்டத்தில் இருந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் காவலாளி. பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"நான்தாங்க அந்தக் குறிப்பு எழுதினவ."

"இருங்கம்மா, கேட்டுக்கு உள்ள வந்துடறேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என் வீட்டுக்காரி நாலு வீட்ல துடைக்கற வேலை பார்க்கறா. ஒரு வீட்ல குடிவரப்போறாங்க, கறை போகவே மாட்டேங்குதுன்னா. அவளுக்குப் படிக்க வராதும்மா. நான்தான் போன்ல தேடி எடுத்து உங்களுதப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சேன், மறந்துடக் கூடாதுன்னு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்கா. மாடி ஏறினா மூச்சு வாங்குது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் காசு கேக்கலம்மா, சண்டைக்கும் வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும் எனக்கு. இது நீங்க செஞ்சு பார்த்து எழுதினதுதானா?"

எத்தனையோ பதில்கள் அவள் வாய்வரைக்கும் வந்தன. "இல்லீங்க" என்றாள்.

"சரிம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்த வேன்காரர், அடுப்புப் பற்றவைக்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவள் சொல்லச் சொல்ல, கையில் இருந்த வேன் சாவியை மேஜைமேல் வைக்க மறந்து நின்றபடியே கேட்டார்.

"அதை எடுத்துடு" என்றார்.

"எடுத்தா விடுதிக்கு..."

"அப்புறம் பார்ப்போம். மொதல்ல எடு."

தம்பியை அழைத்தபோது அவன் வேறு மாதிரிப் பேசினான். "பக்கத்தையே ஏன்க்கா தூக்கணும்? அந்த ஒரு வரிய மாத்து. கீழ எச்சரிக்கைன்னு ரெண்டு வரி போடு. நீயா போய் அங்க ஊத்தின?"

"அவர் ரெண்டு தடவை படிச்சுக் காட்டியிருக்காருடா."

"உணர்ச்சிவசப்படாதக்கா. இந்தப் பக்கம் போச்சுன்னா மொத்தமும் படுத்துரும்."

"படுக்கட்டும்."

அவளே எடுத்தாள். அந்தப் பக்கத்தை மட்டுமல்ல. மற்ற முப்பத்தொரு குறிப்புகளிலும் கைபட்டு அறிந்தவை எத்தனை என்று பார்த்தாள். நான்கு தேறின. அன்று சாயங்காலமே இரண்டாவது தளத்தை முழுவதுமாக மூடினாள். தம்பி இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் அவள் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பாள். மகளிடம் சொன்னபோது அவள் விடுதியிலிருந்தே ஒரு காரியம் செய்தாள். "கை கோத்தால் எவ்வளவு செய்யும்" என்ற வரியைத் தேடிப் பார்த்தாள். "அம்மா, பதினாலு எடத்துல இருக்கும்மா" என்றாள் தொலைபேசியில். மற்ற சின்னத் தளக்காரர்கள் கறையக்காவின் பக்கத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். காற்புள்ளிகூட மாறவில்லை. ஒரு காணொளியில் இயந்திரக் குரல் ஒன்று அதை வாசித்துக்கொண்டிருந்தது. பின்னணியில் மெல்லிசை வேறு. அவள் மற்றவர்களிடமிருந்து எப்படி எடுத்தாளோ அப்படித்தான் அவர்களும் எடுத்திருக்கிறார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

பதினான்கு பேருக்கும் எழுதினாள். "இதை முதலில் எழுதியவள் நான். தப்பாக எழுதிவிட்டேன். ஒரு பெண்மணிக்கு ஆபத்து நேர்ந்துவிட்டது. தயவுசெய்து நீக்குங்கள்." மூன்று பேர் உடனே நீக்கினார்கள். நான்காமவர் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி, நீக்கவும் நீக்கினார். ஒருவர், போட்டிக்காரி தன்னை மேலிருந்து இறக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, உங்கள் தந்திரம் பலிக்காது என்று பதில் போட்டார். இன்னொருவர் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார். மற்ற எட்டுப் பேரிடமிருந்து மூச்சு இல்லை.

காவலாளியை மறுபடி அழைத்து, வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். "வந்து என்னம்மா ஆகப்போவுது?" என்றார். அப்புறம் வழி சொன்னார்.

மூன்றாவது மாடி. ஒரே அறை, நடுவில் திரை போட்டு இரண்டாக்கியது. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ தையல் கடைக்காரர் கொடுத்த வேலை. கறையக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா? நான் வெள்ளைக் கோட்டு போட்ட ஆளா இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. காவலாளி தண்ணீர் டம்ளரோடு நின்றார். கறையக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க அவள் நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க எழுதினீங்க, இவர் படிச்சாரு, நான் ஊத்தினேன்" என்றாள் அந்தப் பெண். "இவர் ஒரு மாசமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா. இருக்கு. மாடிப்படி ஏறும்போதெல்லாம் வருது."

கறையக்கா தலையை ஆட்டினாள். அப்புறம் கேட்டாள். "என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா? நீங்க சொல்றபடியே எழுதிப் போடறேன். விளம்பரம் கிடையாது. இதைத் தேடறவங்க கண்ணுல அது பட்டா போதும்."

அந்தப் பெண் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள். மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. கண் எரிந்தது. கறை இளகுகிறது என்று நினைத்துக் குனிந்து இன்னும் பலமாகத் தேய்த்தாள். கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவினாள். தற்செயலாகப் பாலுக்கு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரர் இருமல் கேட்டு இழுத்துவந்ததால் பிழைத்தாள். கறையக்கா ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொண்டாள். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். காவலாளி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கேட்டார்.

முதல் தளத்தில் அதைப் போடுவதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு இடம் திருத்தினார், மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "எந்த இரண்டு சுத்தம் செய்யும் திரவத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்." இத்தனை நாள் எழுதியதில், அறிந்தவர் பார்த்துக் கொடுத்து அவள் வெளியிட்ட முதல் பக்கம் அதுதான்.

அந்தப் பக்கம் ஏறவில்லை. நாளைக்கு ஏழு பேர், எட்டுப் பேர். முதல் தளத்தின் வருமானம் மட்டும் வீட்டுக்குப் போதாமல் போகவே, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வேறொரு சலவைக் கடையில் காலை நேர வேலைக்குச் சேர்ந்தாள். மகள் விடுதியை விட்டு, இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டாள். அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று கறையக்காவுக்கு இருந்தது.

தம்பியும் ஒருநாள் வந்தான். பழைய பேச்சை எடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, பதில் போடாத தளங்களுக்கு இணையத்தில் இடம் வாடகைக்கு விட்டிருக்கும் நிறுவனங்களின் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். "இவங்களுக்கு எழுதுக்கா. இவங்க சொன்னா எடுத்துத்தான் ஆகணும்." அதில் ஆறு விழுந்தன. காணொளியும் போயிற்று.

திங்கட்கிழமைதோறும் கடையிலிருந்து வந்ததும் அவள் அந்த வரியைத் தேடிப் பார்க்கிறாள். பதினான்கு மூன்றாகியிருந்தது. போன வாரம் நான்கு. புதிதாக முளைத்த தளம், வண்ணப் படமெல்லாம் போட்டு, போன மாதத் தேதியோடு. தளத்துக்காரரின் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஓரத்தில் விளம்பரங்கள் மட்டும் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

"இன்னும் எத்தனை நாளைக்கு இதைப் பண்ணிட்டே இருப்ப?" என்று வேன்காரர் கேட்டார், கோபமில்லாமல்.

"தெரியலைங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு, "இதை முதலில் எழுதியவள் நான்" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.